விசாரணைக்கு முந்தைய இரவு: மெல்பர்ன் வக்கீல் அலுவலகத்தில் கற்றவை

2006 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. மாரியோ கொண்டெல்லோ மீதான விசாரணை மெல்பர்னில் அன்று தொடங்க வேண்டும். கார்ல் வில்லியம்ஸ் என்ற போதைப்பொருள் வியாபாரியையும் அவருடைய அப்பாவையும் கொல்லத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய இரவு பத்து மணியை ஒட்டி, பிரைட்டன் ஈஸ்ட் பகுதியில் இருந்த தன் வீட்டுக் கார் ஷெட்டில் கொண்டெல்லோ சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 53. சுட்டது யார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

அவர் ஒரு காலத்தில் வக்கீலாக இருந்தவர். அதனால்தான் அந்தச் செய்தி எங்கள் அலுவலகத்தில் வேறு மாதிரி இறங்கியது.

நான் அப்போது வில்லியம் தெருவுக்குப் பக்கத்தில், குற்ற வழக்குகள் மட்டும் பார்க்கும் ஒரு சின்ன சொலிசிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வில்லியம் தெருவில்தான் விக்டோரியா மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட், கவுன்டி கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. நம்மூர்க் கணக்கில் வக்கீல் குமாஸ்தா. ஃபைல் அடுக்குவது, கோர்ட்டில் தாள் தாக்கல் செய்வது, கட்சிக்காரர்களின் ஃபோனை எடுப்பது, சிறைக்கு வக்கீலோடு போய்க் குறிப்பு எடுப்பது. கொண்டெல்லோ எங்கள் கட்சிக்காரர் இல்லை. நான் அவரைப் பார்த்ததும் இல்லை, செய்தியில் தவிர.

அன்று காலை என் முதலாளி கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்ட முதல் கேள்வி: "நம்மிடம் ஜாமீனில் இருப்பவர்களில் யார் யாருக்கு இரவு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது? பட்டியல் போடு." எனக்குப் புரியவில்லை. கொலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பட்டியல் கேட்டார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. ஜாமீன் நிபந்தனைப்படி கொண்டெல்லோ இரவு பத்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அதாவது, அவரைத் தேடுகிறவர்களுக்கு அவர் எங்கே, எத்தனை மணிக்கு வருவார் என்பதை ஒரு கோர்ட் உத்தரவே சொல்லிக்கொண்டிருந்தது. கொலையாளி அதைப் பார்த்துத்தான் காத்திருந்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை; நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மெல்பர்னில் 1998 முதல் நடந்த அந்தக் கும்பல் கொலைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். அல்ஃபோன்ஸ் கங்கிடானோ தன் வீட்டுக்குள் சுடப்பட்டார். மார்க் மொரான் 2000-ல் தன் வீட்டு வாசலில். கிரஹாம் கின்னிபர்க் 2003 டிசம்பரில் கியூ பகுதியில் தன் வீட்டுக்கு முன்னால். ஜேசன் மொரான் அதே வருடம் ஜூனில், பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சி நடந்த இடத்தில், குழந்தைகள் உட்கார்ந்திருந்த வேனில். எல்லாமே அந்த ஆள் கண்டிப்பாக வருவார் என்று தெரிந்த இடங்கள்.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வந்தது. உயிருக்கு மிரட்டல் இருக்கும் கட்சிக்காரருக்கு ஜாமீன் கேட்கும்போது, வீட்டு முகவரியைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்விட்டுப் படிக்காமல் எழுதிக் கொடுக்க அனுமதி கேட்போம். தேவைப்பட்டால் முகவரியை வெளியிடத் தடை உத்தரவு கேட்போம். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட ஒரே நேரத்தைக் குறிக்காமல், காலை முதல் மாலை வரை எப்போது வேண்டுமானாலும் என்று கேட்போம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. அரசுத் தரப்பு மறுக்கும். நீதிபதிக்கும் அவருடைய கவலைகள் இருக்கும். ஆனால் கேட்டால்தானே அது பதிவில் ஏறும்.

கொண்டெல்லோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் 1980களிலேயே குற்ற வழக்கில் சிறைக்குப் போய், தொழிலை இழந்தவர். அப்புறம் வட்டிக்குப் பணம் விடுபவர், கார்ல்டன் கும்பல் என்று பத்திரிகைகள் அழைத்த வட்டாரத்தின் பணக்காரியங்களைப் பார்ப்பவர் என்றுதான் அறியப்பட்டார். சட்டம் படித்தவர் என்பது அவர் மரியாதைக்கு உதவியது. அவர் வக்கீலாக மட்டும் இருந்திருந்தால் அந்த இரவு அவருக்கு வந்திருக்குமா என்று என் முதலாளி ஒருமுறை கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை.

குற்றவாளிக்கு வக்கீலாக இருப்பதால் ஆபத்து வருகிறது என்று வெளியே எல்லோரும் நினைக்கிறார்கள். இத்தனை வருடம் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகு நான் அப்படி நினைப்பதில்லை. கொலை வழக்கில் ஆஜராகும் எத்தனையோ பேர் நிம்மதியாக வயதாகி ஓய்வு பெறுகிறார்கள். தோற்றாலும்கூட, தனக்காக வாதாடியவர் மேல் கட்சிக்காரருக்குப் பெரும்பாலும் கோபம் இருப்பதில்லை. முடிந்ததைச் செய்தார் என்று விட்டுவிடுவார். வக்கீல் என்ற வேலைக்கு மேல் இன்னொன்றாக ஆகும்போதுதான் கதை மாறுகிறது. பணம் வைத்திருப்பவர், தூது போகிறவர், பங்காளி, இரவுச் சாப்பாட்டு நண்பர். அந்த இரண்டாவது வேலைக்கு எந்தச் சட்டமும் காவல் இல்லை. அதற்குக் கட்டணமும் ரசீதில் வராது.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருநாள் ஒரு கட்சிக்காரரின் தம்பி சூப்பர் மார்க்கெட் பையில் பணம் கொண்டுவந்தார். அண்ணனின் வழக்குக்கு முன்பணம். என் மேஜையில் வைத்துவிட்டு, "எண்ண வேண்டாம், சரியாக இருக்கும்" என்றார். என் முதலாளி உள்ளே இருந்து வந்தார். பையை எடுக்கவே இல்லை. "எண்ணாத பணத்தை நான் வாங்குவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு பேராக உட்கார்ந்து எண்ணினோம். அந்தத் தம்பியின் பெயர், அடையாள அட்டை, யார் வழக்குக்கு, பணம் யாருடையது, எல்லாவற்றையும் எழுதினோம். ரசீது போட்டோம். அப்போதுதான் முதலாளி சொன்னார், பத்தாயிரம் டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் ஆஸ்ட்ராக் என்ற அரசு அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று. 1988-லேயே வந்த சட்டம் அது, அப்போது வக்கீல்களுக்கும் பொருந்தியது.

தம்பியின் முகம் மாறியது. பாதியைத் திரும்ப எடுத்து, "சரி, அப்போ இதை மட்டும் இப்ப வெச்சுக்குங்க, மிச்சத்தை வியாழக்கிழமை தர்றேன்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அது நியாயமான யோசனையாகவே பட்டது. முதலாளி மறுத்துவிட்டார். தெரிவிக்காமல் தப்பிப்பதற்காகத் தொகையைப் பிரித்துக் கொடுப்பதே தனிக் குற்றம். அவர் பிரிப்பது என்ன காரணத்துக்காக என்று நம் எதிரிலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகு நாம் வாங்கினால் நாமும் அதில் இருக்கிறோம். கடைசியில் முழுத் தொகையும் வங்கிக் காசோலையாக வந்தது, அண்ணனின் மாமியார் கணக்கிலிருந்து. அந்தப் பணம் அன்றே டிரஸ்ட் கணக்குக்குப் போனது. டிரஸ்ட் கணக்கு என்பது கட்சிக்காரரின் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு. வேலை செய்து பில் போட்ட பிறகுதான் அதிலிருந்து அலுவலகக் கணக்குக்கு எடுக்க முடியும். வருடா வருடம் வெளியாள் தணிக்கை உண்டு.

இதெல்லாம் வெறும் காகித வேலை மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பை நிறைய எண்ணாத பணத்தை வாங்கி அலமாரியில் வைத்த வக்கீலிடம் நாளைக்கு இன்னொருவர் வந்து, "அதில் இவ்வளவு இருந்ததே, அதில் என் பங்கு எங்கே?" என்று கேட்டால் என்ன காட்டுவார்? ரசீது வருமான வரிக்காரருக்காக மட்டும் இல்லை. அந்த மாதிரி ஆள் வந்து நிற்கும்போது எடுத்து நீட்டவும் அதுதான் இருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் சொத்து வாங்கல், கம்பெனி தொடக்கம், கட்சிக்காரர் பணத்தைக் கையாள்வது போன்ற வேலைகள் செய்யும் ஆஸ்திரேலிய வக்கீல்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் முழு வளையத்துக்குள் வருகிறார்கள். பலர் முனகுகிறார்கள். நான் முனகவில்லை; முடியாது என்று சொல்ல ஒரு சட்டம் கையில் இருப்பது சின்ன அலுவலகங்களுக்கு நல்லதுதான்.

அடுத்தது தூது. சிறையிலிருந்து கைதி பேசும் ஃபோன்கள் பதிவாகும். தன் வக்கீலோடு பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த ஒரு விலக்கினால்தான் எங்களிடம் அத்தனை செய்திகள் வந்து குவியும். பார்வன் சிறைக்கு, ஜீலாங் போகும் வழியில் லாரா பக்கம், முதலாளியோடு போயிருந்தபோது ஒரு கட்சிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டு, சனிக்கிழமை வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க." அவ்வளவுதான். சனிக்கிழமை என்ன? பிறந்தநாளா? சரக்கா? ஆளா? தெரியாது. தெரியாத செய்தியைச் சுமப்பதுதான் ஆபத்தே. முதலாளி சொன்ன பதிலை நான் பின்னாட்களில் எத்தனையோ தடவை பயன்படுத்தியிருக்கிறேன்: "உங்கள் வழக்கைப் பற்றி வீட்டில் என்ன சொல்ல வேண்டுமோ சொல்கிறேன். மற்றதை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்." கோபித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் சரியாகிவிடும். சரியாகாதவர்கள் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த இழப்பு எங்களைக் காப்பாற்றியது என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, கட்சிக்காரர் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் எங்களுக்கு 2006-லேயே கிடைத்துவிட்டது. மறுபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பது தெரியப் பன்னிரண்டு வருடம் ஆனது.

நிக்கோலா கோபோ. பத்திரிகைகள் பல காலம் பெயர் சொல்ல முடியாமல் "வக்கீல் எக்ஸ்" என்று எழுதின. கும்பல் வழக்குகளில் மும்முரமாக ஆஜராகிக்கொண்டிருந்த பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் நின்று வாதாடும் வக்கீல். கோர்ட் வளாகத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. 2005 முதல் 2009 வரை அவர் விக்டோரியா போலீஸின் பதிவு பெற்ற ரகசியத் தகவலாளியாகவும் இருந்தார். அதற்கு முன் 1990களிலேயே இரண்டு முறை பதிவானவர். அதாவது தான் யாருக்காக வாதாடினாரோ அவர்களைப் பற்றியே போலீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 2018 டிசம்பரில், நாட்டின் உச்ச நீதிமன்றமான ஆஸ்திரேலிய ஹை கோர்ட்டின் தீர்ப்பு வெளியானது. அவரையும் போலீஸையும் கடுமையான வார்த்தைகளில் கண்டித்திருந்தது. உடனே அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. மார்கரெட் மெக்மர்டோ தலைமையில் அது 2020 நவம்பரில் அறிக்கை கொடுத்தது: 1,011 பேரின் தண்டனைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னது, 111 பரிந்துரைகள் செய்தது.

அந்த 2018 டிசம்பரை நான் மறக்க மாட்டேன். ஃபோன் ஓயவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய கட்சிக்காரர்கள், அவர்களின் மனைவிகள், அம்மாக்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "என் கேஸில் அவர் இருந்தாரா?" எங்கள் கட்சிக்காரர்களில் சிலருக்கு ஜாமீன் மனுவில் ஒரே ஒரு நாள் வந்து போயிருந்தார், சிலரோடு சிறையில் பேசியிருந்தார், சிலருக்குச் சம்பந்தமே இல்லை. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஃபைல்தான். வழக்கு முடிந்து ஏழு வருடம் ஆனால் ஃபைலை அழித்துவிடலாம் என்று விதி அனுமதிக்கிறது. இடம் இல்லாததால் பல அலுவலகங்கள் அழித்துவிட்டன. என் முதலாளிக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது. கிடங்கு வாடகைக்காக நாங்கள் அவரைக் கேலி செய்வோம். அந்த மாதம் கேலி நின்றது.

அந்தப் பெட்டிகளில் உண்மையில் கைகொடுத்தது பெரிய மனுக்களோ தீர்ப்பு நகல்களோ இல்லை. ஒரு பக்கக் குறிப்புகள். யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள், என்ன பேசினார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் அன்றே ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் எரிச்சலூட்டும் கட்டளை. மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது அதை எழுத உட்கார்வது எவ்வளவு சலிப்பு என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் 2007-ல் நான் அவசரத்தில் கிறுக்கிய "இன்று சந்திப்பில் அவரும் இருந்தார்" என்ற ஒரு வரி, 2019-ல் ஒருவருடைய மேல்முறையீட்டு வக்கீலுக்குத் தேவைப்பட்டது. நான் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பார்த்தது வேறு, ஒருவர் சொன்னது வேறு, நாமாக நினைத்துக்கொண்டது வேறு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதே.

ஃபாரூக் ஓர்மன் வழக்கைப் பாருங்கள். 2002-ல் நடந்த விக்டர் பியர்ஸ் கொலையில் தண்டிக்கப்பட்டு சுமார் 12 வருடம் உள்ளே இருந்தவர். அவருடைய வக்கீலாக இருந்தபடியே, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்தவரை அதைச் சொல்லும்படி கோபோவே தூண்டியிருந்தார் என்பது வெளிவந்ததும், 2019 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. போலீஸார் யார் மீதாவது வழக்கு வருமா என்று பார்க்க அமைக்கப்பட்ட சிறப்புப் புலனாய்வு அலுவலகமோ, ஒரு வழக்கும் போடாமல் மூடப்பட்டது. அதில் எனக்கு இன்னும் கசப்பு உண்டு.

கோபோ உயிரோடு இருக்கிறார் என்பதே பெரிய விஷயம். மனிதர்கள் வருடக்கணக்கில் ஒளிந்து வாழ வேண்டிய நிலைக்கு இந்தத் தொழிலில் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். போலீஸிடம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வக்கீலுக்கும் விலக்கு உண்டு: ஒரு கடுமையான குற்றம் நடக்கப்போகிறது என்று தெரிந்து அதைத் தடுக்க வேண்டுமானாலோ, ஒருவர் உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றாலோ ரகசியத்தை உடைக்கலாம் என்று சொலிசிட்டர்களின் நடத்தை விதி 9 அனுமதிக்கிறது. ஆனால் அதைத் தனியாக முடிவு செய்யக்கூடாது. விக்டோரியா சட்டக் கழகத்தில் நெறிமுறை ஆலோசனைக்கு என்றே ஃபோன் உண்டு. கூப்பிட்டு, என்ன சொன்னார்கள் என்று குறிப்பு எழுதி, அப்புறம் செய்ய வேண்டும். ஒரு முறை வாய்திறப்பதும், நான்கு வருடம் பதிவு எண்ணோடு பேசுவதும் ஒன்றில்லை.

இனி வதந்தி. இதில் நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008-ல் இந்தக் கொலைகளை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. கொலை வழக்கு ஒன்று நிலுவையில் இருந்ததால், ஜூரிகளின் மனம் கெட்டுவிடும் என்று நீதிபதி பெட்டி கிங் அதை விக்டோரியாவில் ஒளிபரப்பத் தடை போட்டார். தடை போட்டால் விடுவார்களா? வேறு மாநிலத்திலிருந்து பதிவு செய்த டிஸ்க்குகள் ஊர் முழுக்கச் சுற்றின. எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் யாராவது என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். "அக்கா, நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க, கொண்டெல்லோவை யாரு போட்டது? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." ஆளுக்கொரு பெயரும் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். அதில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் மீதும் இந்தக் கொலைக்காகக் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. அவதூறு வழக்குப் பயம் ஒரு பக்கம். அதைவிட, அது நியாயம் இல்லை.

அதிகம் கேட்ட தர்க்கம் இது: "கார்ல் வில்லியம்ஸே ஒத்துக்கிட்டாரே!" ஒத்துக்கொண்டது எது? 2004 ஜூனில் பிரைட்டன் கல்லறைப் பக்கம் கொண்டெல்லோவைக் கொல்ல ஒரு திட்டம் இருந்தது. போலீஸ் முன்கூட்டியே அறிந்து பிடித்துவிட்டது. அந்தச் சதியைத்தான் வில்லியம்ஸ் 2007-ல் ஒத்துக்கொண்டார், மூன்று கொலைகளோடு சேர்த்து. 35 வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனையும் கிடைத்தது. 2006-ல் கொண்டெல்லோ நிஜமாகவே கொல்லப்பட்டபோது வில்லியம்ஸ் சிறையில் இருந்தார். முந்தைய முயற்சி ஒருவருடையது என்பதால் பிந்தைய கொலையும் அவருடையதே என்று முடிவு கட்ட முடியாது. எதிரிகள் நிறைய உள்ள ஒருவர் விஷயத்தில் "யாருக்கு லாபம்?" என்ற கேள்வி பதிலைத் தராது, பட்டியலைத்தான் தரும். வில்லியம்ஸும் 2010 ஏப்ரலில் பார்வன் சிறைக்குள்ளேயே சக கைதியால் கொல்லப்பட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தாலும் அவர் இல்லை.

மரண விசாரணை அதிகாரியான கொரோனரிடம் போனால் பெயர் வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். விக்டோரியாவில் கொரோனர் இறந்தவர் யார், எப்படி, எந்தச் சூழலில் இறந்தார் என்று கண்டறிவார். இன்னார் குற்றவாளி என்று எழுத 2008 சட்டம் அவருக்கு அனுமதி தரவில்லை. குடும்பங்கள் இதை அங்கே போய் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டு உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வக்கீல் திடீரென்று இறந்துபோனால், கொலையோ மாரடைப்போ, அவருடைய கட்சிக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ஃபைல் உங்களுடையது. தனியாக அலுவலகம் நடத்தியவர் என்றால் விக்டோரியா சட்டச் சேவை வாரியம் அதை நடத்தவோ மூடவோ ஒருவரை நியமிக்கும். அவரிடம் எழுத்தில் கேளுங்கள், டிரஸ்ட் கணக்கில் உங்கள் பணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து. கோர்ட் தேதி பக்கத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் நீங்களே கோர்ட் அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒத்திவைப்புக் கேட்கலாம். போலீஸ் தேடுதல் வாரண்டோடு அலுவலகத்துக்கு வந்தால், வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் அவர் இறந்ததால் போய்விடாது. உரிமை கோரினால் ஆவணங்களை உறையிலிட்டு முத்திரை வைப்பார்கள். தகராறு இருந்தால் நீதிமன்றம் தீர்மானிக்கும். குற்றம் செய்வதற்காகவே பேசிய பேச்சுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வேலைக்கு இருக்கும் பையனோ பெண்ணோ பதறி எதையும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. "வக்கீலைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

எங்களுக்கும் மிரட்டல் வந்தது உண்டு. அலுவலகத்துக்கு எதிரே ஒரே கார் சில மாலைகள் நின்றது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துப் போலீஸில் சொன்னோம். உடனடி ஆபத்து என்றால் 000, மற்றபடி இப்போது 131 444. அதே சமயத்தில்தான் எனக்குத் தெரிந்தது, ஆஸ்திரேலிய வாக்காளர் பட்டியலை யார் வேண்டுமானாலும் தேர்தல் ஆணைய அலுவலகத்தில் பார்க்கலாம் என்பது. ஆபத்து இருக்கிறது என்று காரணம் காட்டி விண்ணப்பித்தால் பட்டியலில் முகவரி இல்லாமல் பெயர் மட்டும் வரும்படி செய்துகொள்ளலாம். செலவில்லாத வேலை. குற்ற வழக்கு அலுவலகத்தில் சேருகிற யாரும் முதல் வாரமே இதைச் செய்யலாம். சமூக ஊடகத்தில் வீட்டு வாசலோடு படம் போடும் பழக்கத்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

கொலைக்கு இங்கே காலவரம்பு கிடையாது. 1977 ஜனவரியில் காலிங்வுட் ஈஸி தெருவில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2024 செப்டம்பரில் ரோமில் ஒருவர் கைது செய்யப்பட்டார். 47 வருடம் கழித்து. அந்தக் கைதுச் செய்தி வந்த வாரத்தில், வேறொரு பழைய கொலையைப் பற்றித் தன் முன்னாள் கணவர் குடிபோதையில் சொன்னதைச் சுமந்துகொண்டு ஒரு அம்மா எங்களிடம் வந்தார். கிரைம் ஸ்டாப்பர்ஸ் எண்ணான 1800 333 000-ல் பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம் என்று சொன்னோம்; ஆனால் அவருக்கே அதில் ஏதாவது சிக்கல் வருமா என்று முதலில் உட்கார்ந்து பேசினோம், ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு பையை அவர் வீட்டில் வைத்திருந்தார்கள். அவர் எங்கள் வக்கீலைக் கூட வைத்துக்கொண்டே வாக்குமூலம் கொடுத்தார். கேட்டதை மட்டும் சொன்னார், யூகித்ததைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படித்து, இரண்டு இடத்தில் திருத்தினார். ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.